டொலுயீன் சீக்கிரமே நீலமான காலை

விதி எண் 14: "வடிகலனில் இருக்கும் கரைப்பானோடு வேறு எந்தப் பொருளையும், எவ்வளவு சிறிய அளவிலும், சேர்ப்பவர் அதைக் கலனின் பதிவேட்டில் உடனே எழுதிக் கையொப்பமிட வேண்டும்."

எங்கள் ஆய்வகக் கையேட்டில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. அவற்றில் இருபத்தாறை எழுதியவன் நான். பதினாலாவதும் என்னுடையதே. "எவ்வளவு சிறிய அளவிலும்" என்ற சொற்களை உள்ளே நுழைக்க ஒரு கூட்டம் முழுவதும் வாதாடினேன். தேநீர் ஆறிப்போனதும், என்னோடு வாதாட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் என் இருபத்தாறு விதிகளையும் வரிசையாகச் சொல்வேன் என்று பெருமையடித்துக்கொள்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

இந்த விதியை மீறிய ஆளைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். அந்த ஆள் இன்று ஓய்வு பெற்று, கொல்கத்தா நியூ டவுனில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறார். குளிர்காலக் காலைகளில் மூடுபனி ஐந்தாவது மாடியோடு நின்றுவிடும். மேலே வெயில், கீழே ஊரே இல்லை. அப்படிப்பட்ட காலைகளில் பழைய விஷயங்கள் மிதந்து வரும். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் மேடையேறிப் பேசச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் கொட்டாவியை நான் பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரிந்த பாடம்தான், ஆனாலும் என் பாஷையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மெட்டலோசீன் என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஓர் உலோக அணு. எங்களுடையது சிர்க்கோனியம். அதை எம்.ஏ.ஓ. என்ற அலுமினியச் சேர்மத்தோடு கலந்தால் விழித்துக்கொள்ளும். விழித்ததும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடம் உண்டாகும். எத்திலீன் மூலக்கூறு வந்து அந்த இடத்தில் உட்காரும், உடனே சங்கிலியில் சேர்ந்து நகர்ந்துவிடும், அடுத்தது உட்காரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பிளாஸ்டிக் உருவாகிக்கொண்டே போகும்.

லூயி காரம் என்பது கொடுப்பதற்குக் கையில் ஓர் எலக்ட்ரான் இணையை வைத்துக்கொண்டு, வாங்க ஆள் தேடி அலையும் மூலக்கூறு. ஈதர், எஸ்டர், கீட்டோன், அமீன் எல்லாம் இந்த ஜாதி. ஹவுரா மினிபஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரேதான். எத்திலீன் படியேறி உள்ளே வருவதற்குள் கைக்குட்டை இருக்கையில் கிடக்கும்.

இது தெரிந்தும் நான் ஏன் தவறினேன் என்றால், அதற்கு என் முதல் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. அவர் டைட்டானியம் காலத்து மனிதர். அந்தப் பழைய வினையூக்கி ஒரு திடப்பொருள். அதில் பல தினுசான இருக்கைகள், நல்லதும் கெட்டதுமாக. கொஞ்சம் எஸ்டரைச் சேர்த்தால், அந்தக் காரம் பெரும்பாலும் கெட்ட இருக்கைகளில் போய் உட்கார்ந்துகொண்டு அவற்றை அடைத்துவிடும். வரும் பாலிமர் ஒழுங்காக வரும். அவர் மேசை இழுப்பறையில் எஸ்டர் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும், சிலர் வயிற்றெரிச்சலுக்கு ஜெலூசில் வைத்துக்கொள்வது போல. "துளிக் காரம் குழம்புக்கு உப்பு மாதிரி" என்பார். பதினைந்து வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த உப்பு என் கையில் ஏறிவிட்டது.

மெட்டலோசீனில் எல்லா இருக்கையும் ஒரே மாதிரி. கெட்டது என்று ஒன்று கிடையாது. காரம் உட்கார வேண்டுமானால் நல்லதில்தான் உட்கார வேண்டும். என் மூளை இதைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே படித்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டது. என் கைக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

கோமதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வினையூக்கி அறையின் தொழில்நுட்ப உதவியாளர். அவருடைய அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து ஹவுரா ரயில்வே பணிமனைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். கோமதி பிறந்தது, படித்தது எல்லாம் ஹவுராவில். அப்பாவிடமிருந்து கிடைத்த தமிழ் மட்டும் தாமிரபரணித் தமிழ், மீதியெல்லாம் வங்காளம். ஆய்வகத்தில் எல்லோருக்கும் 'கோமதி-தி', அதாவது கோமதி அக்கா. தினமும் லாஞ்ச் என்ற மோட்டார் படகில் கங்கையைக் கடந்து இந்தக் கரைக்கு வேலைக்கு வருவார்.

கரைப்பானான டொலுயீனை உலர்த்தும் வடிகலன் அவருடைய பொறுப்பு. சோடியம் துண்டுகளையும் பென்சோஃபீனோனையும் போட்டு, நைட்ரஜன் வாயுச் சூழலில் கொதிக்க வைப்பது. கடைசிச் சொட்டு ஈரமும் காற்றும் போன பிறகு அந்தத் திரவம் நீலமாகும். எப்படிப்பட்ட நீலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், கொதிக்கும் குடுவைக்குள் யாரோ மாலை வானத்தை ஊற்றிவிட்டுப் போனது போல இருக்கும். அந்த நீலம் வராமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது; துளி ஈரம் போதும், வினையூக்கி செத்துவிடும். விதி எண் 7. அதுவும் நான் எழுதியதுதான்.

ஈதர்களில் அந்த நீலம் சட்டென்று வரும். டொலுயீனில் வராது. சாம்பல், பிறகு அழுக்குப் பச்சை, பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தால் கோமதி வங்காளத்தில் சலித்துக்கொண்டு சொல்வார்:

"துர் சார், உக்காருங்க. டொலுயீன் இந்த ஊரு பழைய ஜமீந்தாரு மாதிரி. மத்தியானத்துக்கு முன்னாடி எந்திரிக்காது."

1997 ஜனவரியில் தில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. தலைமை அலுவலகத்தின் நான்கு பெரியவர்கள். கொல்கத்தாவின் பதினான்கு டிகிரிக்குப் பயந்து, உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நால்வரும் குரங்குக் குல்லாய் வாங்கி மாட்டியிருந்தார்கள். எங்கள் மெட்டலோசீன் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள். பத்து மணிக்கு ரியாக்டர் ஓட வேண்டும் என்று இயக்குநர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

அன்று காலை மூடுபனி. நான் கரியாஹாட் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நதி இல்லை. படகுத்துறை இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து லாஞ்சுகளின் ஊதல் மட்டும், ஒன்றையொன்று தொலைத்துவிட்டுக் கூப்பிடுவது போல. லாஞ்சுகளை நிறுத்திவிட்டார்கள். கோமதி அக்கரையில்.

வடிகலனைப் பார்த்தேன். சாம்பல் நிறம். முந்தைய நாள் மாலைதான் கோமதி புது சோடியம் போட்டிருந்தார். மணி ஒன்பது.

அலமாரியில் டி.எச்.எஃப். புட்டி இருந்தது. அது ஓர் ஈதர். அதைக் கொஞ்சம் ஊற்றினால் டொலுயீனிலும் நீலம் சீக்கிரம் கரைந்து மேலே தெரியும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த கைத்தந்திரம். புட்டியின் மூடியால் இரண்டு முறை அளந்து ஊற்றினேன். பத்து நிமிடத்தில் குடுவையின் ஓரத்தில் ஒரு கோடு, பிறகு ஒரு சுருள், பிறகு முழுவதும் நீலம். வெளியே நகரமே வெளுத்துக் கிடக்க, உள்ளே அந்த ஒரு குடுவை மட்டும் நிறத்தோடு இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பதிவேடு ஆணியில் தொங்கியது. பேனா நூலில் தொங்கியது. கையை நீட்டியபோது தொலைபேசி அடித்தது. வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்றார் இயக்குநர். ஓடினேன். இவ்வளவுதான் விஷயம். மனிதர்கள் பெரிய தவறுகளைப் பெரிதாகச் செய்வார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பதரைக்கு மேல் கோமதி மூச்சிரைக்க வந்தார். பேருந்து பிடித்துப் பாலம் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். சால்வையில் பனி முத்து முத்தாக ஒட்டியிருந்தது. கலனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"சார், இதெப்படி? நேத்து சாயங்காலம்தானே சோடியம் மாத்துனேன்."

"வந்துடுச்சும்மா. எடுங்க, நேரமாச்சு."

வந்துவிட்டது என்றேன். பொய் இல்லை. நீலம் வந்துதான் இருந்தது.

அவர் முதல் வடிப்பை எடுத்து ரியாக்டரை நிரப்பினார். டி.எச்.எஃப். டொலுயீனைவிடச் சீக்கிரம் ஆவியாகும், ஆகவே முதல் வடிப்பில்தான் அது மொத்தமும் திரண்டிருக்கும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அன்று அந்த அறையில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், விருந்தினர்களுக்கு நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார்.

எம்.ஏ.ஓ. போனது. சிர்க்கோனியம் போனது. எத்திலீன் வால்வைத் திறந்தார் கோமதி. வினையூக்கி எத்திலீனை உண்ணத் தொடங்கினால், குழாயில் இருக்கும் சின்ன உருண்டை மேலே எழும்பி ஆடும். நான்கு குரங்குக் குல்லாய்களும் அந்த உருண்டையையே பார்த்தன. உருண்டை அடியில் கிடந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"ஆன் பண்ணியாச்சா?" என்று ஒருவர் கேட்டார், மிகுந்த மரியாதையோடு.

கோமதி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "சார், கொஞ்சம் சூடு ஏத்திப் பாக்கட்டா? தூங்குதோ என்னமோ."

"செத்ததைச் சூடு பண்ணி என்ன ஆகப்போவுது? மூடுங்க."

விருந்தினர் எதிரில் நிதானமாக இருப்பவன் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசை, நிதானத்தைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்யும். அவர் வால்வை மூடினார். பெரியவர்கள் தேநீர் குடித்தார்கள், சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டார்கள், போகும்போது ஒரு வாரத்தில் விளக்கம் வேண்டும் என்றார்கள்.

அந்த விளக்கம் என் வாழ்க்கையிலேயே மிக ஒழுங்காக எழுதப்பட்ட அறிக்கை. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. கரைப்பான் நீலமாக இருந்தது, எனவே கலனுக்குள் ஈரம் இல்லை. வினையூக்கி செத்தது, எனவே எங்கோ ஈரம் புகுந்தது. ஆகவே ஈரம் புகுந்தது கலனுக்குப் பிறகு. கலனுக்கும் ரியாக்டருக்கும் நடுவில் இருந்தவை ஒரு குழாயும் ஒரு ஜோடிக் கைகளும். குழாய் புதியது.

நான் மறந்துவிட்டேனா, மறைத்தேனா என்று கேட்பீர்கள். ஈதர் ஊற்றியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. உப்பு போட்டதை யாராவது விபத்து அறிக்கையில் எழுதுவார்களா?

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. திட்டம் பிழைத்தது. கோமதி மறு உத்தரவு வரும் வரை வினையூக்கி அறைக்குள் நுழையக் கூடாது, கிடங்கில் பணிபுரிய வேண்டும். நான்தான் அதை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நான் ஈரக் கையோட தொடுவேன்னு நெனச்சீங்களா சார்?"

"பனியில வந்தீங்க. சால்வை நனைஞ்சிருந்தது."

அதையும் அறிக்கையில் எழுதியிருந்தேன். கவனிப்பில் நான் கெட்டிக்காரன்.

பன்னிரண்டு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவர். அங்கே எந்தக் குழாய் எந்த மாதத்தில் முனகும் என்று அவருக்குத் தெரியும். கிடங்கில் அவருக்குக் கிடைத்தவை ஒரு மேசை, கையுறைப் பெட்டிகள், வடிதாள் கட்டுகள், மின்விசிறியின் சத்தம். அதைவிட, 'கோமதி-தி கை ஈரம்' என்று ஒரு சொல் ஆய்வகத்துக்குள் உருவாகிவிட்டது. எந்தப் பரிசோதனை கெட்டாலும் சின்ன வயசுக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும்.

அடுத்த வருட மழைக்காலத்தில் ஒரு மாலை. மெட்ராஸிலிருந்து வரும் மனைவியை அழைக்க ஹவுரா ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. லாஞ்சில் ஏறினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நதியும் வானமும் ஒரே ஈயத் தகடாக இருக்க, நடுவில் எங்கள் படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத வேகம். கம்பியோரம் கோமதி காகிதப் பொட்டலத்திலிருந்து முடி, அதாவது நம்மூர்ப் பொரி, கொறித்துக்கொண்டிருந்தார். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். பொட்டலத்தையும் நீட்டினார். ஒன்றரை வருடமாக நாங்கள் 'நமஸ்காரம்' தாண்டிப் பேசியதில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு நீலம் எப்படி ஒம்போதரைக்கே வந்துச்சு?"

நான் பொரியை மென்றேன்.

"எம்.ஏ.ஓ. ஊத்துனப்ப கலங்கலையே சார். தண்ணி இருந்தா பாலு மாதிரில்லா ஆயிருக்கும். குமிழியடிச்சிருக்கும். இது கண்ணாடியாட்டம் இருந்துச்சு. ஒன்றர வருசமா கெடங்குல உக்காந்து இதைத்தான் யோசிக்கேன். எனக்கு வேற என்ன சோலி அங்க?"

"கொஞ்சம் டி.எச்.எஃப். ஊத்தினேன்" என்றேன்.

அவர் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது.

"எவ்ளோ?"

"மூடியால ரெண்டு."

"பதிவேட்டுல?"

"இல்லை."

லாஞ்சு நதியின் நடுவுக்கு வந்திருந்தது. பாலம் மேலே எங்கோ மேகத்துக்குள் தொடங்கி மேகத்துக்குள் முடிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அரே பாபா" என்றார், தண்ணீரைப் பார்த்து. கரை நெருங்கியபோது அவர் என் பக்கம் திருப்பிய முகத்தில் கோபத்தைவிட வேறொன்று முந்திக்கொண்டு நின்றது. அதை நான் அறிவேன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று தெரிந்தவருடைய முகம்.

"அப்போ அது சாகல சார். தூங்கிட்டுல்லா இருந்திருக்கு. சூடு ஏத்தட்டான்னு கேட்டேன்லா?"

மறுநாளே செய்து பார்த்தேன். அதே அளவு டி.எச்.எஃப்., அதே முதல் வடிப்பு. கோமதி வந்தார். கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உத்தரவு இருந்தது. விதிகளை மதிப்பவன் நான். மதித்திருக்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மதித்தேன். அந்தக் கதவில் முகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அவர் பார்த்தார்.

உருண்டை அடியில் கிடந்தது. பத்து நிமிடம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"இப்ப சூடு! மெதுவா சார், மெதுவா! எரியுற அடுப்பு மாதிரி ஏத்தாதீங்க!"

நாற்பது டிகிரி. ஐம்பது. உருண்டை நடுங்கியது. தூங்குகிறவரின் இமை அசைவது போல ஓர் அசைவு, மறுபடி அமைதி. அறுபதில் அடியைவிட்டு எழும்பி நின்றது. சூட்டில் காரம் இருக்கையிலிருந்து ஒரு கணம் எழுகிறது, அந்தக் கணத்தில் எத்திலீன் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஈரம் கொன்ற வினையூக்கி இப்படி எழுந்து வராது.

"இன்னும் கொஞ்சம் எம்.ஏ.ஓ. குடுங்க! அலுமினியம் ஈதரைக் கூட்டிட்டுப் போயிரும்!"

கொடுத்தேன். உருண்டை துள்ளி மேலேறி ஆடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் அவர் மூச்சு படிந்து வெளுத்திருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றும் தெரியாது, கேட்டதுமில்லை.

அந்தத் தூக்கத்தில் உருவான சங்கிலிகள் வழக்கத்தைவிட நீளமாக இருந்தன. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். முதல் பெயர் அவருடையது. பரிசோதனை நடந்த அறைக்குள் நுழைய அனுமதியில்லாத முதல் ஆசிரியர் உலகத்தில் வேறு யாரும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இயக்குநரிடம் போய், என் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"அடுத்த மாசம் உங்களைத் துறைத் தலைவராக்கப் பரிந்துரை போகுது. இப்போ போய் இது எதுக்கு, மோஷாய்? ஃபைல் தூங்குது. தூங்கட்டுமே."

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தூங்குவதை எழுப்பலாம் என்று நான் அப்போதுதான் பார்த்திருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் வரைவில் 'ஒரு சிறு அளவு ஈதர் சேர்ந்திருக்கக்கூடும்' என்று இருந்தது. யார் சேர்த்தது என்று இல்லை. இரண்டாம் நாள் வரைவில் 'சேர்க்கப்பட்டது' என்று வந்தது. மூன்றாம் நாள்தான் 'சேர்த்தேன்' என்று எழுத முடிந்தது. நீங்கள் எழுதப்போகும் அறிக்கைகளில் வினைச்சொல்லுக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை.

கடிதம் முறையான வழியில் 1998 ஆகஸ்டில் தில்லிக்குப் போனது. பதில் இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதமாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பதவி உயர்வு வந்தது. ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன், முந்தைய நினைவூட்டல்களின் எண்களையும் மேற்கோள் காட்டி. துறைத் தலைவனான பிறகும், தலைமை அலுவலகம் போட்ட தடையை நானே நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கோமதி காத்திருந்தார். தினமும் பதினோரு மணித் தேநீரை மண் குவளையில் எடுத்துக்கொண்டு, கிடங்கிலிருந்து நடந்து வந்து, அந்த வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். "வலப்பக்கம் குழாய் முனகுது, பாருங்க" என்பார். "இன்னைக்கு நீலத்துல பச்சை தட்டுது" என்பார். 'கை ஈரம்' என்று சிரித்த சின்ன வயசுக்காரர்கள், கட்டுரை வந்த பிறகு, பதினோரு மணி வரை சந்தேகங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு கதவருகே காத்திருந்தார்கள். கண்ணாடியில் அவர் நெற்றி படும் உயரத்தில் லேசாக ஓர் எண்ணெய்த் தடம் விழுந்தது. வண்ணமடிக்க வந்தவர்களிடம், அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

வருடங்கள் நதி போவது போலத்தான் போயின, போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல்.

பிறகு மறுபடியும் ஒரு ஜனவரிக் காலை. மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே நதி இல்லை. வெள்ளைக்குள் ஊதல்கள். லாஞ்சுகள் நின்றுவிட்டன. என் மேசைமேல் தில்லி முத்திரையோடு ஒரு பழுப்பு உறை. ஆறரை வருடத்துக்குப் பிறகு வந்த பதிலில் மூன்றே வாக்கியம் இருந்தது:

"தங்கள் கடிதமும் நினைவூட்டல்களும் பரிசீலிக்கப்பட்டன. ஆய்வகக் கையேட்டின் விதி எண் 33-இன்படி, நுழைவுத் தடை எதுவும் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் புதுப்பிக்கப்படாவிட்டால் தானாகவே நீங்கிவிடும். மேற்படி தடை புதுப்பிக்கப்படவில்லை என்பதால், இவ்வலுவலகம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை."

கையேட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. முப்பத்துமூன்றை எழுதியது நான்தான். அம்மை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளியை, 'சொல்லும் வரை வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எல்லோரும் மறந்துபோனோம். அதனால் எழுதிய விதி. அது அம்மைக்கானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1997 ஜூலையிலேயே தடை நீங்கியிருக்கிறது. லாஞ்சில் பொரி தின்ற மாலைக்கு ஒரு வருடம் முன்பே. அவர் கதவுக்கு வெளியே நின்று கத்திய அந்தக் காலையில், கதவு அவருக்குத் திறந்துதான் இருந்தது. இருக்கையிலிருந்து கைக்குட்டையை எப்போதோ எடுத்தாயிற்று. யாரும் உட்காரவில்லை.

பதினொன்றரைக்குக் கோமதி வந்தார். சால்வை நிறையப் பனி. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இந்த முப்பத்திமூணாவது விதி யாரு சார் எழுதுனது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். தலை காதோரம் நரைத்திருந்தது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது அவருக்கு. நான் எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவர் வினையூக்கி அறைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன். கதவுக்கு வெளியே நின்று, சால்வையைக் கழற்றி உதறி ஆணியில் மாட்டினார். சேலைத் தலைப்பால் கைகளைத் துடைத்தார், உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாக. பிறகு இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஈரம் இல்லியே? நல்லா பாத்துக்கிடுங்க. பொறவு எழுதிப்புடாதீங்க."

பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

கதவைத் தள்ளினார். திறந்தது. உள்ளே டொலுயீன் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நீலம் வரலையே."

"வரலை."

"வரட்டும். என்ன அவசரம்?"

ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கலனுக்கு முன்னால் உட்கார்ந்தார். பதிவேடு அதே ஆணியில் தொங்கியது. எட்டு வருடத்தில் அது எத்தனையாவது பதிவேடோ. பேனா நூலில் தொங்கியது. அதைப் பிடித்து, 'சேர்த்தது' என்ற கட்டத்தில், ஒன்றுமில்லை என்று, ஒரு சின்னக் கோடு போட்டார். பக்கத்தில் தன் பெயரை எழுதினார். தேதிக் கட்டத்தில், அழுத்தி, நிதானமாக எழுதினார்: 12 ஜனவரி 2005.